வீட்டின் இடம்: சென்னையின் நகர நிர்மாணம் குறித்துச் சில சிந்தனைகள்



தாம் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு பொது விஷயத்தைப் பற்றி ஒருவர் பேசவும் பலர் கூடியிருந்து சிந்திக்கவும் வழி செய்து வைத்த, இந்த அறக்கட்டளையை நிறுவிய பெருமகனாரின் நினைவுக்கு முதற்கண் என் நன்றியைச் செலுத்துகிறேன். இவ்வாண்டுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் நகர நிர்மாணமும் குடியிருப்பும். அது மிகப் பரந்த பொருளாதலால், நாம் கூடியிருக்கும் இந்தச் சென்னை மாநகரத்தின் சரித்திரத்தையே பிரதான ஆதாரமாகக் கொண்டு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் தொடர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நகரத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுக்கிறோம் என்றால், அக்குடும்பத்துக்கு நாம் கொடுப்பது என்ன என்பதே அந்தக் கேள்வி. நான்கு சுவரும் ஒரு கூரையும் என்று விடை சொல்வது எளிது. எண்ணிக் கணக்குக் காட்டுவதற்கும் அதுவே வசதி. ஆயினும், தொழிலுக்குச் சென்று பொழுது சாய்வதற்குள் திரும்பக்கூடிய தூரமும், பிள்ளைகள் நடந்தே போகக்கூடிய பள்ளிக்கூடமும், நள்ளிரவில் கதவைத் தட்டி உதவி கேட்கக்கூடிய அண்டை அயலாரும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் வெள்ளம் ஏறாத தரையும் ஒருங்கே அமைந்தால்தான் ஒரு கட்டடம் ஒரு குடும்பத்துக்கு இல்லமாகிறது. ஆகவே, வீட்டைத் தொழிலுக்கு அருகிலும் வெள்ளத்தின் வழிக்கு அப்பாலும் அமைப்பதே நகர நிர்மாணத்தின் முதல் தர்மம் என்பது என் துணிபு. இந்தத் தர்மத்தைச் சென்னை ஒரு காலத்தில் ஓரளவு அறிந்திருந்தது. பின்னர்ச் சிறிது சிறிதாகக் கைவிட்டது. இப்போது மீண்டும் கற்க வேண்டிய நிலையில் நிற்கிறது.

முன்னோர் வகுத்த ஊர்கள்

பழந்தமிழ் நகரங்களின் அமைப்பை அறிய விரும்புவோர் சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நிகழும் காதையைப் படித்தல் வேண்டும். புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரு பகுதிகளாக இருந்ததையும், கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போரும் நெசவுத் தொழிலாளரும் கொல்லரும் தச்சரும் தத்தம் தொழில் நடக்கும் இடத்திலேயே வாழ்ந்ததையும், இரு பாக்கங்களுக்கும் இடையே மரநிழலில் நாளங்காடி நடந்ததையும் இளங்கோவடிகள் நமக்குக் காட்டுகிறார். மதுரையிலோ, கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றை ஒன்று சூழ்ந்த சதுரங்களாகத் தெருக்கள் விரிந்தன. திருவிழா ஊர்வலத்துக்காக அகன்ற அந்த வீதிகள் மற்ற நாட்களில் வியாபாரத்துக்கும் காற்றுக்கும் இடமளித்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையின் மதிலை இடிக்கத் தீர்மானித்தபோது, இடித்து அகழியைத் தூர்க்க முன்வந்தவர்களுக்கு அங்கேயே மனை வழங்கப்பட்டது. அவ்வாறு எழுந்த வெளி வீதிகள் பழைய வீதிகளுக்கு இணையாகவே ஓடின. இடிக்கும் காரியத்தில் கூட ஊரின் பழைய ஒழுங்கு மதிக்கப்பட்டது. உழைத்தவனுக்கு உழைத்த இடத்திலேயே வீடு கிடைத்தது.

இவற்றைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் முன்னோர் ஊர் வேறு, சேரி வேறு என்று வகுத்தார்கள். ஊரின் குளத்துக்கும் கோயிலுக்கும் தெருவுக்கும் ஒரு சாராரை அயலாராக்கினார்கள். அது அநீதி, அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஓர் ஊரின் படத்தில் இழுக்கப்படும் ஒரு கோடு எத்தனை தலைமுறைகளின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டியதில்லை. புதிய நகரங்களை வகுக்கும் நாம் அந்தக் கோட்டை வேறு பெயரால் மீண்டும் இழுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் மேலே செல்ல வேண்டும்.

கம்பெனியார் காலத்துச் சென்னை

1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற கடற்கரை நிலத்தில் எழுந்த கோட்டையும், அதன் வடபால் பெருகிய கறுப்பர் பட்டணமும் யாவரும் அறிந்தவை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி 1749-இல் திருப்பிக் கொடுத்த அந்தப் போர்க்காலத்தை ஒட்டி, கோட்டையை அடுத்திருந்த வீடுகள் அதன் பாதுகாப்புக்காக இடித்து அகற்றப்பட்டன. அங்கே வாழ்ந்தவர்கள் இன்னும் வடக்கே தள்ளிப்போய் மீண்டும் வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று உயர் நீதிமன்றம் எழுந்து நிற்கும் நிலம், பழைய பட்டணத்தார் வாழ்ந்து வெளியேறிய நிலம். இந்நகரில் பொதுக் காரியத்தின் பெயரால் ஜனங்களைக் குடிபெயர்ப்பது நேற்றுத் தொடங்கிய வழக்கமில்லை என்பது இதனால் விளங்கும்.

அதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. கம்பெனியாருக்குத் துணி வேண்டும். துணிக்கு நெசவாளர் வேண்டும். 1734-இல், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் ஆறு வளைந்து ஓடும் ஒரு தோப்பு நிலத்தில் நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர் ஆகியோருக்கென ஒரு குடியிருப்பு வகுக்கப்பட்டது. அதுவே சிந்தாதிரிப்பேட்டை. நேரான தெருக்களும், தறி போட இடமுள்ள வீடுகளும், நடுவே கோயில்களும் கொண்டு எழுந்த அந்தப் பேட்டை, தொழிலையும் வீட்டையும் பிரிக்காமல் வகுக்கப்பட்டது. கம்பெனியாரின் நோக்கம் லாபமே தவிர வேறில்லை. ஆயினும், உழைப்பவன் தொழிலுக்கு அருகில் குடியிருந்தால்தான் உழைப்பு நிலைக்கும் என்ற உண்மையை அந்த வியாபாரிகள் உணர்ந்திருந்தார்கள். பொதுநலம் கருதி வீடு கட்டும் பிற்காலத்து ஸ்தாபனங்கள் அந்த அளவுக்கேனும் அதை உணர்ந்தனவா என்பதே நாம் கேட்க வேண்டியது.

பாட்ரிக் கெட்டிஸ் காட்டிய நெறி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர நிர்மாணம் ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்ந்தது. அதன் ஆசாரியர்களில் ஒருவரான பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் சென்னைக்கு வந்தார். அவர் பல ஆண்டுகளாகத் திரட்டிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய நகரக் கண்காட்சி ‘கிளான் கிராண்ட்’ என்னும் கப்பலில் பின்தொடர்ந்து வந்தது. அந்தக் கப்பலை, செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிச் சென்ற அதே ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன், நடுக்கடலில் மூழ்கடித்தது. கெட்டிஸ் மனந்தளரவில்லை; இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு, 1915-இன் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்தியே தீர்த்தார்.

அதன்பின் அவர் இம்மாகாணத்து நகரங்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கைகள், நூறாண்டு கழிந்தும் படிக்கத்தக்கவை. அக்காலத்துப் பொறியியல் அதிகாரிகள், நெருக்கமான பழைய தெருக்களைக் கண்டால் குறுக்கே நேரான அகன்ற சாலையை வெட்டுவதையே சுகாதாரச் சீர்திருத்தம் என்று எண்ணினார்கள். கெட்டிஸ் அதை மறுத்தார். முதலில் ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு வீடாக நடந்து பார். எந்த வீடு இடிந்து பாழாகிக் கிடக்கிறது, எந்த மரம் நிழல் தருகிறது, எந்தக் கிணறு பயன்படுகிறது, ஜனங்கள் எங்கே கூடுகிறார்கள் என்று குறித்துக்கொள். பிறகு பாழான சிலவற்றை மட்டும் அகற்றி, அங்கே ஒரு சிறு முற்றத்தையும் மரத்தையும் வை. சாலை தானே வழி கண்டுகொள்ளும் என்பது அவர் உபதேசம். தஞ்சாவூரின் பழைய பகுதிகளுக்கு அவர் கூறிய யோசனை இவ்வகையைச் சேர்ந்தது. மிகக் குறைவாக வெட்டி உயிரைக் காக்கும் ரண சிகிச்சை என்று அவரே இம்முறைக்குப் பெயரிட்டார். ஒரு சாலைக்காக வீடு இழந்த ஏழை வெட்டவெளியில் போய் வாழ்வதில்லை. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கும் வீட்டில் இன்னொரு குடும்பமாக நுழைகிறான். ஆகையால் இடிப்பு நெருக்கத்தைத் தீர்ப்பதாகத் தோன்றி அதைப் பெருக்குகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார்.

நீர்நிலைகளைப் பற்றியும் அவருக்குத் தெளிந்த அபிப்பிராயம் இருந்தது. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தை அவர் கண்டித்தார். மீனும் வாத்தும் வளர்த்தால் கொசு குறையும், குளமோ ஊரைக் குளிர்வித்து மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் என்று எழுதினார். 1916-இல் சி. பி. வேங்கடராம ஐயர் பண்டைத் தக்கணத்து நகர நிர்மாணத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு முன்னுரை தந்து, இந்நாட்டாரின் பழைய அறிவை இந்நாட்டாருக்கே நினைவூட்டினார். 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகர நிர்மாணச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே ஒழிய, அதற்கு உயிராக இருந்திருக்க வேண்டிய அவர் நெறி அலுவலகங்களுக்குள் முழுமையாக நுழையவில்லை.

ஏரியின் மேல் எழுந்த நகர்

கெட்டிஸின் நெறி அலுவலகங்களுக்குள் நுழையவில்லை என்பதற்கு அடுத்த உதாரணமே சாட்சி. மௌண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி ஒன்று இருந்தது. அதில் ஆங்கிலேயர் படகுப் போட்டிகள் நடத்தினார்கள். 1920-களில் தொடங்கி அந்த ஏரி வடிக்கப்பட்டு, அந்நிலத்தை ஒட்டி ஒரு புதிய நகர் வகுக்கப்பட்டது. நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகர் அதுவே. பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு சாலைகள் நாற்புறமும் பிரிந்து செல்ல, மரங்களோடும் தோட்டங்களோடும் கூடிய வீடுகள் எழுந்த அந்த நகர், அக்காலத்து மத்தியதர வகுப்பாருக்கு நல்ல காற்றையும் வெளிச்சத்தையும் தந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அழகாக வகுக்கப்பட்ட பேட்டை அது. ஆனால் ஏரியின் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. மேட்டில் விழும் மழைக்கு நகரத்தின் படம் தெரியாது. அது தன் பழைய வழியில்தான் வரும். 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றபோது, ஏரி தன் நிலத்தை அடையாளம் காட்டிற்று.

ஓர் ஏரியை இழந்ததனால் மட்டும் இவ்வளவும் நேர்ந்துவிடவில்லை. ஏரி என்பது தனித்து நிற்பதன்று. மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கால்வாயாகிக் கீழ் ஏரிக்கு வந்து, அங்கிருந்து சதுப்பு நிலத்துக்கும் முகத்துவாரத்துக்கும் செல்லும் தொடரில் அது ஒரு கண்ணி. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அத்தொடரின் கடைசியில் இருந்து, பல ஏரிகளின் உபரி நீரைத் தாங்கி வந்தது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் சேர்ந்து அதன் பழைய விஸ்தீரணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே மிச்சம் வைத்தன. 2022-இல் அது ராம்சர் சாசனத்தின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. மிஞ்சியதையேனும் காக்கும் பொறுப்பு இப்போது உலகறிய நம்மேல் ஏறியிருக்கிறது.

வாரியங்களின் காலம்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆலைகளும் துறைமுகமும் ரயில்வேயும் அழைத்த ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 1940-களில் பிறந்த நகர அபிவிருத்தி டிரஸ்டும், அதன் வாரிசாக 1961-இல் ஏற்பட்ட வீட்டு வசதி வாரியமும் மனைகளையும் வீடுகளையும் வழங்கின. அண்ணா நகரும் கலைஞர் கருணாநிதி நகரும் அம்முயற்சிகளின் பயன். ஆனால் மாதச் சம்பளம் இல்லாத கூலியாளுக்கு அந்த வீடுகளின் தவணை எட்டவில்லை. அவன் கூவக் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் கால்வாய்ப் புறம்போக்கிலும் ஓலைக் குடிசை போட்டான். கோடையில் தீயும் ஐப்பசியில் வெள்ளமும் அதை மாறி மாறி அழித்தன. 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டில் அதற்கெனச் சட்டமும் வந்தது. அவ்வாரியம் தொடக்க ஆண்டுகளில் செய்த ஒரு காரியம் சரித்திரத்தில் பொறிக்கத்தக்கது: குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகளைக் கட்டி, அங்கிருந்தவர்களையே அவற்றில் குடியமர்த்தியது. அவ்வீடுகள் சிறியவை, பிற்காலத்தில் பழுதானவையும் பல. ஆயினும் அவற்றில் வாழ்ந்த மீனவன் கடலை இழக்கவில்லை. மயிலாப்பூர் வீடுகளில் வேலை செய்த பெண் தன் வேலையை இழக்கவில்லை.

1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய திட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. குடிசைப் பகுதிகளுக்கு இருந்த இடத்திலேயே குடிநீரும் கழிப்பறையும் விளக்கும் தெருவும் வந்தன. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் வகுக்கப்பட்டு, தண்ணீர், சாக்கடை, சாலை முதலியவற்றை அரசாங்கம் அமைத்துக் கொடுக்க, வீட்டை அவரவர் வசதிக்கேற்ப அவரவரே கட்டிக்கொண்டார்கள். ஏழைக்குச் சிறு மனையும் வசதி உள்ளவனுக்குப் பெரிய மனையும் ஒரே பேட்டையில் அமைந்தன; பெரிய மனைக்கு வந்த விலை சிறிய மனையின் சுமையைத் தாங்கிற்று. முதலில் ஓர் அறை, பிள்ளை வேலைக்குப் போனதும் இரண்டாவது அறை, பேரன் பிறந்ததும் மாடி என்று அந்த வீடுகள் குடும்பத்தோடு வளர்ந்தன. மாடி வீட்டுக்காரரின் பிள்ளையும் சிறு மனைக்காரரின் பிள்ளையும் ஒரே தெருவில் விளையாடினார்கள். ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்த கோட்டை அழிக்க இதைவிடச் சிறந்த வழி நம் நகரில் செய்து பார்க்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தொழிலை விட்டுத் தொலைவில்

இந்த நல்ல நெறி ஏன் கைவிடப்பட்டது? நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறிற்று. பாலமும் பறக்கும் ரயிலும் ஆற்றங்கரைச் சீரமைப்பும் இடம் கேட்டன. தொலைவிலோ அரசாங்க நிலம் மலிவாகக் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பின்பு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். எண்ணிக்கையில் இவை மகத்தான சாதனைகள்தாம். ஆனால் குடியேறியவர்களின் ஜீவனத்தை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்திலும் பாரிமுனையிலும் மூட்டை சுமந்தவன், காலையில் இரண்டு பஸ் மாறி வந்து, கூலியில் ஒரு பகுதியைப் பிரயாணத்துக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண், இடையில் வந்து தன் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போக இயலாதவளாகி வேலையையே விட்டாள். பள்ளி ஆண்டின் நடுவில் வீடு மாறிய பிள்ளைகளில் பலர் மீண்டும் பள்ளிக்குப் போகவில்லை. பல பேட்டைகளிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்த கதவுகளில் குடியேறியதால் பழைய உறவு அறுந்தது. புதிய உறவு விளையக் காலம் பிடித்தது. கண்ணகி நகரில் வசிப்பவன் என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்கினார்கள். ஏழைகளை மட்டும் ஒன்றாகத் திரட்டி ஊருக்கு வெளியே வைத்தால் பழைய சேரியின் இலக்கணம் முழுவதும் அங்கே வந்துவிடுகிறது. கான்கிரீட் சுவர் அதை மறைப்பதில்லை.

2015 டிசம்பரில் அடையாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றங்கரைக் குடிசைகள் அழிந்தன. அங்கிருந்தவர்களைப் பாதுகாப்புக் கருதிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள்; பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலம்; அதே வெள்ளம் அங்கும் சூழ்ந்து நின்றது. தொழிலுக்கு அருகிலிருந்து எடுத்து வெள்ளத்துக்கு அருகில் வைத்தோம். நகர நிர்மாணத்தின் முதல் தர்மம் இரு பக்கத்திலும் ஒருசேரத் தவறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

பிற நாடுகளின் அநுபவம்

இது தவிர்க்க முடியாதது என்று கூறுவோர் உண்டு. அவர்கள் வியன்னாவைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் தோற்று, சாம்ராஜ்யம் சிதறி, வறுமையில் வாடிய அந்நகரம், பெரிய வீடுகளுக்கு அதிகமாகவும் சிறிய வீடுகளுக்கு மிகக் குறைவாகவும் ஒரு வீட்டு வரியை விதித்து, 1923 முதல் 1934 வரை 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளருக்குக் கட்டியது. அவற்றுள் பேர்பெற்ற கார்ல் மார்க்ஸ் இல்லம் 1930-இல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தக் கட்டடத்தில் 1,382 வீடுகளோடு குழந்தைகள் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம், சலவைக் கூடம் யாவும் அமைந்தன. எதிரே ரயில் நிலையம். சிங்கப்பூரில் 1960-இல் ஏற்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் இன்று அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். அங்குள்ள நம் தமிழ் மக்களும் அவற்றிலேதான் வாழ்கிறார்கள். கடைகளும் சந்தையும் பள்ளியும் பஸ் நிலையமும் குடியிருப்போடு சேர்த்தே வகுக்கப்பட்டன. பல இனத்தாரும் பல வருமானத்தாரும் ஒரே பேட்டையில் வாழ வேண்டும் என்பது கொள்கையாயிற்று. வியன்னாவின் அரசியலும் சிங்கப்பூரின் அரசியலும் வேறு வேறு. இரண்டுக்கும் பொதுவானது, வீட்டோடு நகரத்தையும் சேர்த்துக் கொடுத்ததே.

இனிச் செய்ய வேண்டுவன

2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிகளும் வயல்களும் இப்போது இந்நகரத்தின் பொறுப்பில் வந்துவிட்டன. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டமோ இருபது ஆண்டுகளுக்கு நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஆகவே நான்கு காரியங்களை வற்புறுத்தி முடிக்க விரும்புகிறேன்.

முதலாவது, மெட்ரோ, மின்சார ரயில் நிலையங்களின் அருகிலுள்ள அரசாங்க நிலங்களை அதிக விலைக்கு விற்பதற்கு முன், அவற்றில் ஒரு கணிசமான பங்கைக் குறைந்த வருமானத்தாரின் வீடுகளுக்கென ஒதுக்க வேண்டும். பல்லாயிரம் கோடி பொதுப்பணத்தால் ஓடும் ரயில் உழைப்பாளியின் வாசலைத் தொடாமல் போவது நியாயமன்று. இரண்டாவது, குடிசைப் பகுதி எதுவாயினும், வெள்ளத்தின் வழியில் இல்லாத வரையில் இருந்த இடத்திலேயே சீரமைப்பதைப் பொது விதியாகவும், வேற்றிடத்துக்கு மாற்றுவதை விலக்காகவும் கொள்ள வேண்டும். மாற்றியே தீர வேண்டுமானால் சில கிலோமீட்டருக்குள்ளும், பள்ளி விடுமுறையிலும், தெருவார் தெருவாராகவும் மாற்ற வேண்டும். மூன்றாவது, வீட்டு மனை வகுப்பதற்கு முன் நீரின் படத்தை வரைய வேண்டும்; ஏரி, கலங்கல், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், சதுப்பு ஆகிய யாவும் குறிக்கப்பட்ட அந்தப் படத்துக்கு மாறான மனைப்பிரிவு எவருடையதாயினும், அரசாங்கத்துடையதேயாயினும், அனுமதி பெறலாகாது. நான்காவது, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஏற்கெனவே குடியேறிய லட்சக்கணக்கானவர்களை மறந்துவிடாமல், பஸ்ஸும் ரயிலும் மேல்நிலைப் பள்ளியும் மருத்துவமனையும் தொழிற்கூடமும் அங்கே நிறைவாக அமையச் செய்ய வேண்டும்; அவர்களுக்கு நகரம் பட்டிருக்கும் கடன் அது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளைப் பொறியாளராகவும் கட்டடக் கலைஞராகவும் ஆட்சிப் பணியாளராகவும் ஆவீர்கள். ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளிக்கும் கோப்பு உங்கள் மேஜைக்கு வரும் நாளில், கையெழுத்திடுவதற்கு முன் அந்த நிலத்துக்கு ஒருமுறை நேரில் சென்று நடந்து பாருங்கள். இங்கே குடியேறப் போகிறவர் எவர், அவர் எங்கே வேலை செய்கிறார், மழை பெய்தால் நீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அங்கிருப்பவர்களைக் கேளுங்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகரத்தாரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். இந்நகரைச் சுத்தம் செய்து, சுமை தூக்கி, சமைத்து, கட்டிக் காக்கும் கைகள் அவர்களுடையவை. அவர்களுக்கு நகரின் நடுவிலும் உயர்ந்த தரையிலும் இடம் தருவது நம்மால் இயலும்; அதற்கு வேண்டிய நிலமும் அறிவும் அநுபவமும் நம்மிடம் இருக்கின்றன. வேண்டுவது துணிவு ஒன்றே. அந்தத் துணிவை உங்கள் தலைமுறை கொள்ளும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.